மூன்றாவது வருடப் பூ

வளர்ப்புக்கூடத்தில் மூன்று வருடம் பூத்துவிட்ட ஆர்க்கிட்டுக்கு இனிக் காடு தேவையில்லை, அதற்காகக் காத்த காட்டுக்குப் பாதுகாப்பும் இல்லை என்பது சட்டம்.

கொல்லிமலைச் செடியை அப்படிப் பூக்கவைத்த பவளக்கொடி, அதிகாரி தயாளனிடம் மல்லுக்கு நின்றாள். "பூக்குது சார், ஆனா ஒரு விதைகூட முளைக்கல. அந்தக் காட்டு மரப்பட்டையில இருக்குற பூஞ்சை இல்லாம முளைக்காது. வளத்துப் பாத்து நான் கத்துக்கிட்டதே அதுதான்."

"முளைக்கணும்னு சட்டத்துல இல்லையேம்மா."

மூன்றாவது வருடம் மொட்டிலேயே கிள்ளிப் போட்டிருக்கலாம். பூத்த அன்றே பெருமையாகப் படம் பிடித்து அவருக்கு அனுப்பியவளே அவள்தான்.

மறுநாள் மலையிலிருந்து அப்பா பேசினார். "கண்ணு, வெட்டறதுக்கு நம்ம தேன்மரத்துக்கெல்லாம் நம்பர் போடுறாங்க. நீ வளத்த பூவாலதான்னு சொல்றாங்க. அவ்வளவு நல்லாவா பூத்துச்சு?"