வளையல் போட்ட கை

"யார் பேருல இருந்தா என்ன தாட்சா, நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே?" என்று கல்யாணமான புதிதில் முகுந்தன் கேட்டபோது, "அதுவும் சரிதானுங்க" என்று தாட்சாயணி சிரித்திருந்தாள். அன்றிலிருந்து ஒன்பது வருடங்களாக அவள் வரைந்த லோகோக்கள் எல்லாம் அவன் பெயரில்தான் போயின.

இப்போது அவனுக்கு வேலை போய்விட்டது. டிசைனர் வேலைக்குப் பட்டியல் வடிவ ரெஸ்யூமே அனுப்பினால் எந்தக் கம்பெனியும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எல்லோரும் 'கை வடிவ' ரெஸ்யூமேதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு படத்தையும் வரைந்த கையே அதில் மறுபடி தோன்றி வரைந்து காட்டும்.

வேறு வழியில்லாமல் முகுந்தன் கம்ப்யூட்டரில் அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தான். திரையில் எழுந்த கையில் இரண்டு கண்ணாடி வளையல்கள் குலுங்கின. அடுத்த லோகோவிலும் அதே வளையல்கள். மூன்றாவதில் விரல் இடுக்கில் தோசை மாவு காய்ந்திருந்தது.

காபியோடு பின்னால் வந்து நின்ற தாட்சாயணியை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"வளையலை அழிச்சுட்டு, விரலைக் கொஞ்சம் தடிமனாக்கிட்டா யாருக்கும் தெரியாது" என்றான்.

தன் கை தன் கண் முன்னாலேயே ஆம்பளைக் கையாக மாறுவதைத் தாட்சாயணி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காபி டம்ளரை அவன் பக்கத்தில் வைத்தாள்.

"ஏனுங்க, அழிக்காதீங்க. கீழே என் பேரைப் போடுங்க."