எங்க கொள்ளு

தார்ச்சாலை நெடுகக் காய்ந்த கொள்ளுச் செடி பரப்பிக் கிடந்ததைக் கண்டதும், பள்ளிச் சுற்றுலாப் பேருந்தின் ஓட்டுநர் பாவம் பார்த்து வண்டியை ஓரமாக ஒடித்தார். யார் வீட்டில் என்ன வண்டி நிற்கிறது என்று வழியெல்லாம் மற்றப் பிள்ளைகள் பேசியபோது சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த மயிலாத்தா முன்னால் ஓடிவந்தாள்.

"மேலயே ஏத்துங்ணா! எங்க கொள்ளு. சக்கரம் ஏறுனாத்தான் உதுரும்."

பேருந்து ஏறியது. காய்கள் படபடவென்று வெடித்தன. சாலையோரம் கவைக்குச்சியோடு நின்ற அவள் அம்மா, நசுங்கிய செடியைப் புரட்டிப் போட்டுவிட்டு, இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினாள். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தார்.

மயிலாத்தா திரும்பி ஐம்பது பிள்ளைகளையும் பார்த்தாள்.

"எல்லாரும் கனமா உக்காருங்க."

நின்றுகொண்டிருந்த தலைமையாசிரியரும் உட்கார்ந்தார்.