மேயரின் மணி

இருபது வருடம் மேயராக இருந்த அந்த ஆள், பேசுபவர்களின் வாயை அடைக்க மேசைமேல் ஒரு பித்தளை மணி வைத்திருந்தார். திறந்துகிடந்த சாக்கடையில் என் தம்பி விழுந்து செத்ததைச் சொல்ல நான் எழும்போதெல்லாம், "சாக்கடை" என்றதுமே மணியை அடித்துவிடுவார்.

போன மாதம் செத்தார். ஊரே அழுதது; எனக்கு வயிறு எரிந்தது. பிரியமான பொருளென்று மணியையும் அவரோடு புதைத்தார்கள்.

இன்று மாமன்றத்தில் புது மேயர், "நிதானமா சொல்லுங்கம்மா, இனிமே மணியெல்லாம் கிடையாது" என்றார்.

"அந்தச் சாக்கடைக்கு இன்னும் மூடி போடலைங்க" என்றேன்.

மணி அடித்தது.

மேசை வெறுமையாக இருந்தது. புது மேயருக்கு முகம் வெளிறிவிட்டது. குமாஸ்தா மட்டும் தலை நிமிராமல், "நேரமாச்சு, அடுத்தவங்க வாங்க" என்றார்.

எனக்குப் பின்னாலிருந்தவர் எழுந்தார்.