படத்தில் வந்த நாச்சிமுத்து

முப்பத்தோரு வருஷக் குடித்தனம், நாலே கால் லட்சம்.

சினிமாக்காரர்கள் நாலுக்குத்தான் வந்தார்கள். பேசிக் கால் ஏற்றினாள். மாட்டுத் தரகில் ஊறிய வாய் சும்மா இருக்குமா?

இப்போது பொள்ளாச்சித் தியேட்டரில், முதல் நாள் முதல் காட்சி, நடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

திரையில் அவளாக நடிக்கிற பெண், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புருஷனை எட்டி உதைக்கிறாள்.

விசில் பறக்கிறது.

புருஷன் குடிகாரன். பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறவன்.

பெயரை மட்டும் மாற்றவில்லை. நாச்சிமுத்து.

அந்தப் பெயர் திரையில் வரட்டும் என்றுதான் கதையைக் கொடுத்தாள். அவர் போய் மூன்று வருஷம்.

சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பெண்ணின் விரலை எவன் பிடிப்பான்? எந்தப் புருஷன் பிடிக்க விடுவான்?

அவர் விட்டார். வீட்டில் தன் விரல்களைக் கொடுத்துக் கணக்குச் சொல்லித் தந்தார். சந்தைக்குக் கூட்டிப்போய்த் தோள்துண்டை அவள் கைமேல் போட்டார்.

"இனி எம் பொண்டாட்டிதான் வெல பேசுவா. இஷ்டமிருந்தா வெரலக் குடுங்க."

மாடென்றால் பல்லைப் பார்ப்பாள், சுழியைப் பார்ப்பாள், நடக்கவிட்டுப் பார்ப்பாள். அப்புறம்தான் விலை. கதையை விற்றபோது விலையை மட்டும் பேசினாள். அவரை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

இடைவேளையில் டைரக்டரைப் பிடித்தாள்.

"தம்பி, அவரு எம்மேல கைய வெச்சதே இல்லீங்களே."

"நல்ல புருஷனக் காட்டினா நீங்க எப்படிக்கா பெரிய ஆளாத் தெரிவீங்க?" சிரித்துக்கொண்டே பாப்கார்னை நீட்டினான்.

படம் முடிந்தது. மேடையேற்றி மைக்கைக் கையில் திணித்தார்கள்.

முன்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் கண்ணைத் துடைத்தபடி எழுந்தாள்.

"அந்த ஆளுகூட எப்படிங்கம்மா இத்தன வருஷம் இருந்தீங்க?"

"குடுத்து வெச்சிருந்தேனுங்."



தியேட்டர் அதிர்ந்தது. சிரிப்பு, விசில், கைதட்டல்.

"என்னா நக்கல்! இத வசனமா வெச்சிருக்கலாமேடா" என்றான் டைரக்டர், பக்கத்தில் இருந்தவனிடம்.

மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே அடுத்த காட்சிக்கு வரிசை நின்றது. பாதிக்குமேல் பெண்கள்.

முப்பத்தோரு வருஷத்தில் அவர் அடித்தது, ஒன்றுமில்லை.

படத்தில் ஆறு அடி.

ஒரு நாளைக்கு நாலு காட்சி. இந்தத் தியேட்டரில் மட்டும் இருபத்துநாலு அடி.

எத்தனை ஊரில் ஓடுகிறது என்று கேட்க வாயெடுத்தாள்.

கேட்கவில்லை.