கறுப்புத் துணிக்கு அந்தப் பக்கம்

கன்னியர் மடம் இப்போது நவீன ஓவியக்கூடம். பார்வையாளர் அறையின் கம்பித் தடுப்பையும் கறுப்புத் துணியையும் அப்படியே விட்டு, 'தலைப்பற்றது' என்று அட்டை வைத்திருந்தார்கள். மடமாக இருந்த காலத்தில், இங்கே கன்னியாஸ்திரீயாக இருந்த அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம் ஜெசிந்தா வெளிப்பக்கம்தான் உட்காருவாள். துணிக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் மட்டும் வரும். துணி மறைக்கும் தைரியத்தில், பேச்சினிடையே கணவருக்குக் கைக்கடிகாரத்தைக் காட்டுவாள். அக்கா உடனே, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பும்மா" என்பாள்.

இன்று உள்ளே போக யாரும் தடுக்கவில்லை. செத்துப்போன அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருட்டான அந்தப் பக்கத்திலிருந்து துணி வழியே வெளியே எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. கணவர் கொட்டாவி விட்டார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"உள்ளேர்ந்து என்ன தெரியுது?" என்றார்.

"ஒண்ணும் தெரியலங்க," என்றாள். "நேரமாச்சு, நீங்க கெளம்புங்க."