வட்டம் போடாத குழி

உச்சி வெயிலில் தாரின் ஆவி எழுந்து சாலையே நெளிகிறது. சுண்ணாம்பால் வட்டம் போட்ட குழிகளெல்லாம் நிரம்பி, ரோலர் ஏறிக் கறுத்துப் பளபளக்கின்றன. ஓவர்சியர் வட்டம் போட மறந்த ஒரே குழி வளைவில் வாயைப் பிளந்து கிடக்கிறது. போன வாரம், இங்கே கலவை சுமக்கும் சித்தாளின் புருஷன் சைக்கிளோடு விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டது அதில்தான். இன்று ஆஸ்பத்திரியிலிருந்து அவனை இந்த வழியாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அவள் கையிலிருக்கும் சட்டியில் மிஞ்சிய கலவை இன்னும் புகைகிறது. “அண்ணே, இதை அந்தக் குழியில கொட்டிடட்டுமா?” மேஸ்திரி பல் குத்துவதை நிறுத்தவில்லை. “ஓர வாய்க்கால்ல கொட்டி மண்ணைத் தள்ளு. வட்டம் போடாத குழிய அடைச்சா கலவை மிஞ்சிச்சுன்னு தெரிஞ்சுரும், அடுத்த தடவை நிதியைக் குறைச்சிருவாங்க.” “அவரு வர்ற நேரம்ணே. ஒரு சட்டிதானே.” “உன் புருஷனுக்குப் பழகின குழிதானம்மா, பாத்து இறங்குவாரு.” ரோலர்காரன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான்.

அவள் வாய்க்காலில் கொட்டிவிட்டு, காலால் மண்ணைத் தள்ளுகிறாள். காலையில் போட்ட தாரின்மேல் அலுங்காமல் வரும் ஆட்டோ ஒன்று வளைவில் தடாலென்று இறங்குகிறது. உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் அடிவயிற்றிலிருந்து அலறுகிறது. அது யார் குரலென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சட்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். “ஏய், சூடு ஆறாத தாரை மிதிக்காதே, தடம் விழும்,” என்கிறார் மேஸ்திரி. எடுத்த காலை அவள் பின்னுக்கு வைக்கிறாள். புதுத் தாரை ஓரமாகச் சுற்றிக்கொண்டு, அலறலை நோக்கி ஓடுகிறாள்.