ஒரே ஒரு வரி

ஆபீஸின் நானூறு கம்ப்யூட்டர் மெஷின்களில் எது ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்று கண்காணிப்பது அவள் வேலை. ஆனால் தினமும் சீட்டில் உட்கார்ந்ததும், கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி, மற்றதையெல்லாம் வடிகட்டிவிட்டு ஒரே ஒரு வரியைப் பார்ப்பாள். அது பச்சையாக இருந்தால்தான் காபி.

"முதலாளியோட மெஷினா?" என்பார் பக்கத்து சீட்டுக்காரர்.

"அதுக்கும் மேல."

இன்று அந்த வரி சிவப்பாக இருந்தது. 'பதில் இல்லை.'

மறுபடி தட்டினாள். பதில் இல்லை.

"கேபிள் லூசா இருக்கும். இதுக்குப் போய் ஏம்மா இவ்வளவு பதட்டம்?"

அவள் போனோடு வராந்தாவுக்கு ஓடினாள். கோபத்தில் ஒரு வருஷமாகக் கூப்பிடாத எண். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"அப்பா! உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? வீட்டு நெட் பாக்ஸ் பதிலே சொல்லலை!"

"எப்படிச் சொல்லும்? வயரைப் பிடுங்கி மடியிலதானே வெச்சிருக்கேன். அரை மணி நேரம் ஆச்சு, இப்பதான் பார்க்கறியா?"

"ஏம்ப்பா இப்படி?"

"உன் ஆபீஸ் லிஸ்ட்ல நம்ம வீட்டையும் சேர்த்திருக்கியாமே, உன் தங்கச்சி சொன்னா. காலையில நான் நெட் சுவிட்ச் போட்டேனான்னு பார்த்துத்தான், இருக்கேனா போயிட்டேனான்னு தெரிஞ்சுக்கறியாம். அந்த டப்பாவைக் கேக்கறதுக்குப் பதிலா என்னையே கேட்டா என்னவாம்?"

அவள் வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சரி, வயரை மாட்டுங்கப்பா."

"மாட்டறேன். முதல்ல நீ பேசு."